பலகையில் விழுந்த மங்கல்

பெய்லான் மஞ்சள் பட்டுப் போர்வையை விலக்கினாள், பலகையைப் பார்த்தாள், வீடே அதிரும்படி கத்திவிட்டாள். அந்தக் கத்தல் மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கதையே இல்லை. உள்ளங்கையால் நாலு தேய்ப்புத் தேய்த்து, போர்வையை மறுபடி இழுத்து மூடி, வாயையும் மூடிக்கொண்டு வெளியே வந்திருப்பாள். ஆனால் அதிர்ச்சி என்ன, நம்மிடம் அனுமதி கேட்டுக்கொண்டா வருகிறது? வாய் தன் வேலையைச் செய்துவிட்டது.

அவள் முன்னால் இருந்தது பேரரசருக்காகச் செய்த செவ்வரக்கு அரியணை. முதுகிலும் கைப்பிடிகளிலும் மேகத்துக்குள் புரளும் டிராகன்களைச் செதுக்கியிருந்தார்கள். உட்காரும் பலகையில் மட்டும் சித்திரம் கிடையாது, வெறும் வழவழப்பு. குனிந்தால் முகம் தெரியும். அந்த வழவழப்பின் நடுவே, அருகருகே, வட்டமாக இரண்டு மங்கல்கள். என்ன அச்சு என்று யாரும் விளக்கத் தேவையில்லை. யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

பேரரசரின் ஆசனத்தில், பேரரசருக்கு முன்னால் ஒருவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குத் தண்டனை தலை. சில சமயம் அந்தத் தலையோடு சொந்தக்காரர்களின் தலைகளும் சேர்ந்து போகும்.

சூசோ நகரத்தில் அரக்கு வேலை செய்யும் குடும்பங்களில் சியாங் குடும்பம் பேர்போனது. சாதிலிங்கச் சிவப்பு கலந்த அரக்கு மரத்துப் பாலைப் பூசுவார்கள், நிழலறையின் ஈரத்தில் காயவைப்பார்கள், மறுபடி பூசுவார்கள். இப்படி விரற்கடை கனம் ஏறின பிறகுதான் உளியே உள்ளே வரும். பெய்லானின் கணவன் யுன்ஷெங் உளி பிடிப்பவன். எல்லாம் முடிந்தபின், மான்கொம்புச் சாம்பலும் எண்ணெயும் தொட்டு வெறும் உள்ளங்கையால் மெருகேற்றுவது பெய்லானின் வேலை. கடைசியாகப் பச்சை அரக்குப் பாலைப் பஞ்சில் தொட்டு மெல்லிசாக ஒரு துடைப்பு. தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரி இருக்கும், கையில் ஒட்டாது. உள்ளே மட்டும் சில நாள் உயிரோடு இருக்கும். அந்த நாட்களில் மனிதச் சூடு அழுத்திப் பட்டால் அது முகம் வாடிவிடும்.

"என்ன? என்ன கத்தல் அது?" என்று கேட்டபடி அதிகாரி தூ உள்ளே நுழைந்தார். அரண்மனைப் பொருட்கள் ஒழுங்காக முடிகின்றனவா என்று பார்க்கத் தலைநகரிலிருந்து வந்து, இரண்டு மாதமாக இந்த வீட்டிலேயே தங்கி, எல்லாவற்றிலும் குற்றம் கண்டுபிடித்த மனிதர். அவருக்குப் பின்னால் பூசணி விதை கொறித்துக்கொண்டு அர்சாய் வந்தார். அரியணையைக் கால்வாய் வழியாகப் படகில் கொண்டுபோக வந்திருக்கும் காவல் தலைவர். அவருக்கும் பின்னால் மாமனார் சியாங், யுன்ஷெங், பட்டறை ஆட்கள். கத்தினால் கூட்டம் வராதா?

பெய்லான் விரலை நீட்டினாள்.

தூ குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. "யாரு?" என்றார். குரல் கீச்சிட்டது. "யாரு உட்கார்ந்தது இதுல?"

அர்சாய் விதை கொறிப்பதை நிறுத்தினார். "இந்த அறைக்கு எத்தனை சாவி?"

"ரெண்டுங்க" என்றார் மாமனார். அவருடைய தாடி ஆடியது. "ஒண்ணு ஐயாகிட்ட. ஒண்ணு எங்க கூடத்துல, ஆணியில."

"அப்ப ஆணியிலேந்துதான் போயிருக்கு" என்றார் தூ. யாரும் வேறு பக்கம் யோசிக்க அவர் இடம் கொடுக்கவில்லை. "பொழுது சாயறதுக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணும். ஒரே ஒரு பேரு. இல்லேன்னா இந்த வீட்டுல மூச்சு விடுற அத்தனை பேரையும் கட்டிப் படகுல ஏத்திடுவேன்."

கதவைச் சாத்திக்கொண்டு குடும்பம் கூடத்தில் கூடியது. யாருக்கும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பெய்லானுக்குத்தான் முதலில் புத்தி வந்தது.

"மாமா, பலகை இன்னும் பச்சை. அதுல உட்கார்ந்தவனை அரக்கு கடிக்காம விடாது. நான் மெருகேத்தி ரெண்டு நாளாச்சு, அதுக்குள்ள கொப்புளம் பொங்கியிருக்கும். எல்லாரையும் பார்த்துடலாம். யாருன்னு தெரிஞ்சுடும்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அரக்குப் பால் சேங்கொட்டை போலத்தான். பழகாத தோலில் பட்டால் வீங்கும், அரிக்கும், நீர் கோக்கும். ஆண்கள் ஒரு அறையிலும் பெண்கள் ஒரு அறையிலுமாக ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெட்கப்பட நேரமில்லை. ஒருவர் உடம்பிலும் ஒரு பொட்டுக் கொப்புளம் இல்லை.

மாமனார் திரும்பி வந்து நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். "கொப்புளம் வராதவங்கன்னா யாரு? பழகினவங்க. வருஷக்கணக்கா அரக்குல கை வெச்சுத் தோல் மரத்துப் போனவங்க. பட்டறை ஆளுங்க மட்டும்தான்."

பெய்லானின் யோசனை சுற்றிக்கொண்டு வந்து அவள் வாசலிலேயே நின்றது. அவள் அதை உணர்வதற்குள் யாரோ சொல்லிவிட்டார்கள்.

"பலகையில கடைசியா கை வெச்சது பெய்லான்தானே. சாவியும் அவதான் எடுத்தா."

சொன்னது யுன்ஷெங்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் தன் துணிச்செருப்பின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டறைக்கே சிரிப்புக் காட்டுகிற வாய். டிராகனின் மீசையைச் செதுக்கும்போது "இது எங்கப்பா தாடி" என்று சொல்லிச் செருப்படி வாங்கின வாய்.

"என்னங்க... என்ன சொல்றீங்க?"

"நீ உட்கார்ந்தேன்னு சொல்லலை. நடந்ததைத்தான் சொன்னேன்."

"நடந்ததா? மெருகேத்தப் போனேன். அது என் வேலை. உட்காரவா போனேன்?"

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு அந்தக் கண்ணைத் திறக்காமலேயே சொன்னார்: "அம்மா, ஒரு தலையா, வீடு பூராவுமா? நீயே சொல்லு."

கேள்வி கேட்பது போலக் கேட்டுக் கழுத்தில் கத்தி வைக்கிற வித்தை பெரிய மனிதர்களுக்கு நன்றாக வரும். சின்ன மைத்துனர்கள் இருவரும் அவளை அழைத்துப்போய் அரக்குத் தொட்டிகள் வைக்கும் அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். அதில் ஒருவன் "மன்னிச்சுக்கங்க அண்ணி" என்றான். அவன் கல்யாணத்துக்கு அவள்தான் பெண் பார்த்திருந்தாள்.

இருட்டில் தொட்டிகளுக்கு நடுவே பெய்லான் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. தலை போகப்போகிறது என்பதுகூட மனதில் சரியாக ஏறவில்லை. யுன்ஷெங்கின் குரல் மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டது. சந்தையில் முள்ளங்கி விலை சொல்வது போல அத்தனை சாதாரணமாகச் சொன்னான்.

அந்த அறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு மரச்சன்னல் உண்டு. மதியம் கழிந்த பிறகு அது திறந்தது. சமையல்காரி ஜின்மெய் ஒரு கிண்ணம் சோற்றையும் சாப்பிடும் குச்சிகளையும் உள்ளே நீட்டினாள்.

"சாப்பிடுடி பொண்ணே. உப்பு கரிக்குதுன்னு சொல்லாத. அழுதுகிட்டே கிண்டினேன்."

"வேண்டாம் அக்கா."

"வயித்தைக் காயப்போட்டா மட்டும் விட்டுடுவானுங்களா? தின்னு. இந்த வீட்டுக்கு இன்னைக்கு என்ன சனியன் பிடிச்சுதோ தெரியலை. ஒரு பக்கம் நீ இங்க. இன்னொரு பக்கம் அந்த அதிகாரியோட வேலைக்காரன் என் கல்லுரலைப் பிடுங்கிட்டுப் போய் நண்டு இடிக்கிறான். நண்டு! அரக்கு வீட்டுக்குள்ள! நான் இங்க வேலைக்கு வந்த நாள்லேந்து இந்த வாசப்படியை ஒரு நண்டுக்கால்கூட மிதிச்சதில்லை."

நண்டுச் சாறு ஒரு சொட்டு விழுந்தாலும் அரக்கு காயாது, தொட்டி முழுக்க வீணாகும். அதனால்தான் ஐப்பசியில் ஊரே நண்டு தின்றுகொண்டிருக்கும்போது சியாங் வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு போவார்கள். பெய்லான் வேறு எங்கோ பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"ஆவியில வேக வெச்சானா?"

"எங்கே! பச்சையா. இஞ்சி வேணுமாடான்னு கேட்டேன், காடி வேணுமான்னு கேட்டேன். ஒண்ணும் வேண்டாமாம். ஓட்டோட நசுக்கித் துணியில பிழிஞ்சு சாறு எடுக்கிறான். மனுஷன் திங்கிற பக்குவமா அது?"

பெய்லானின் கையிலிருந்து குச்சிகள் நழுவி விழுந்தன.

கல்யாணமாகி வந்த முதல் மாதம் அவள் முகம் பூசணிக்காய் போல வீங்கியிருந்தது. அரக்கு கடித்திருந்தது. அப்போது அவளை வாய்க்கால் பக்கம், வீட்டுக்கு வெகு தூரத்தில் உட்காரவைத்து, பச்சை நண்டை இடித்து அதன் சாற்றைத்தான் தடவினார்கள். அரக்குக் கடிக்கு இந்த ஊரில் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். பச்சை நண்டை வேறு எதற்கும் யாரும் இடிப்பதில்லை.

"அக்கா... அதிகாரி மதியம் சாப்பிட்டாரா?"

"சாப்பிட்டாரே, நின்னுகிட்டே. நேத்திலேந்து நின்னுகிட்டேதான். நாற்காலி போட்டா வேண்டாங்கிறாரு. பேரரசர் பொருள் இருக்கிற வீட்டுல நான் எப்படி உட்காருவேங்கிறாரு. என்ன பக்தி பாரு!" சொல்லிக்கொண்டே வந்த ஜின்மெய் சட்டென்று நிறுத்தினாள். வாய் திறந்தபடி இருந்தது. "ஐயோ" என்றாள் மெதுவாக. "ஐயோ பெய்லான்."

இருவரும் சன்னலின் இரு பக்கமும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காலையில் பலகையைப் பார்த்து அதிகாரியின் முகம் வெளுத்ததே, கோபத்தால் என்றல்லவா பெய்லான் நினைத்தாள்? மங்கல் விழும் என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அவ்வளவுதான். உட்கார்ந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒரு நாள் ஆசைப்பட்டிருக்கிறார். அங்கி கசங்காமல் தூக்கிக்கொண்டு, மெல்லிய பட்டுக் கால்சட்டையோடு, சொகுசாக உட்கார்ந்திருக்கிறார். அந்த ஆசைக்கு விலை பெய்லானின் கழுத்து.

"வந்த அன்னிக்கே வாசல்ல நின்னு 'நீ ஏழு, நான் எட்டு'ன்னு சொல்லிட்டு வாங்கன்னோம். கெக்கெக்கேன்னு சிரிச்சாரு" என்றாள் ஜின்மெய். அந்த ஊர்ப் பேச்சில் அரக்குக்கும் ஏழுக்கும் ஒரே ஒலி. புதிதாக வருகிறவர்கள் அரக்கைவிட ஒன்று கூடுதலாகச் சொல்லிக்கொண்டால் அது கடிக்காது என்பது நம்பிக்கை. "நான் போய்ப் பெரியவர்கிட்ட சொல்றேன்!"

"சொல்லாதீங்க அக்கா. அதிகாரி மேல பழி போட்டாங்கன்னு வீட்டோட வெட்டிடுவாங்க. அவரை யாரு அங்கியைத் தூக்கிக் காட்டச் சொல்றது?"

"பின்னே என்னடி பண்றது?"

பெய்லானுக்குத் தெரியவில்லை. குச்சிகளைப் பொறுக்கி எடுத்துச் சோற்றைச் சாப்பிட ஆரம்பித்தாள். உப்பு நிஜமாகவே கரித்தது.

பொழுது சாயும் நேரத்தில் முற்றத்துக்குக் கூட்டிவந்தார்கள். அர்சாய் கல்மேடையில் கால் மேல் கால் போட்டு விதை கொறித்துக்கொண்டிருந்தார். கைதியை வாங்கிப்போவது அவர் பொறுப்பு. தூ தூணருகே நின்றார். அவருக்குப் பின்னால் காலி நாற்காலி. மாமனாரும் மகன்களும் சுவரோரமாக நின்றார்கள். யுன்ஷெங் நாலாவதாக, பாதி மறைந்து நின்றிருந்தான்.

"இவதானா?" என்றார் அர்சாய். "ஏம்மா, உட்கார வேற இடமே கிடைக்கலையா உனக்கு?"

"ஒத்துக்கிட்டா" என்றார் தூ வேகமாக. "கூட்டிட்டுப் போங்க. வடக்கே கால்வாய் உறையறதுக்குள்ள கிளம்பணும்."

பெய்லான் ஒத்துக்கொள்ளவும் இல்லை, யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. ஆனாலும் பேசினாள்.

"தலைவரே, ஒரு வேண்டுதல். எனக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தவரைக் கும்பிட்டுட்டுப் போறேன். மனசுல கசப்போட போனா ஆவியா அலைவேன்."

"கும்பிடு. யாரு வேண்டாங்கிறது?"

"பெரியவங்க உட்கார்ந்துதானே கும்பிடு வாங்குவாங்க."

தூவின் தாடை இறுகியது. "பரவாயில்லை. நிக்கிறேன். பேரரசர் பொருள் இருக்கிற..."

"அந்தப் பொருள் உள்ள இருக்கு. இது முற்றம்" என்றார் அர்சாய். "காலையிலேந்து நிக்கிறீரே ஐயா, கால் வலிக்கலையா? சாகப்போறவ கேக்கிறா. உட்காரும்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுக்க வழியில்லை. தூ நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினார். உட்கார்ந்ததும் அவர் நெற்றியில் வியர்வை பூத்தது. உதடு மட்டும் அசையவில்லை. அந்தப் பொறுமையைப் பார்த்துப் பெய்லானுக்கே ஒரு கணம் பயம் வந்தது. இவ்வளவு தாங்குகிறவன் எதையும் செய்வான்.

அவள் மண்டியிட்டாள். நெற்றியைக் கல்லில் பதித்தாள், நிமிர்ந்தாள், மறுபடி பதித்தாள், மறுபடியும். மெருகேற்றும்போது எப்படிக் கை நகருமோ அப்படி, அவசரமே இல்லாமல். பிறகு எழுந்தாள். பெரியவர்களுக்கு இது போதும். சுவரோரம் நின்றவர்கள் முடிந்தது என்று மூச்சுவிட்டார்கள்.

பெய்லான் இரண்டாம் முறை மண்டியிட்டாள்.

அர்சாயின் வாய்க்குப் போன விதை பாதியில் நின்றது. மூன்று முறை மண்டியிட்டு, ஒவ்வொரு முறையும் மூன்று தடவை நெற்றியை நிலத்தில் வைப்பது பேரரசருக்கு உரிய கும்பிடு. உயிரோடு இருக்கும் வேறு எந்த மனிதனும் உட்கார்ந்தபடி அதை வாங்கக்கூடாது. வாங்கினால் தலை போகும். மாமனார் "ஐயோ, அம்மா!" என்று முனகினார். அவள் நெற்றி கல்லைத் தொட்டது. மறுபடி தொட்டது.

"நிறுத்து!" தூ துள்ளி எழுந்தார். "பைத்தியமா உனக்கு? எனக்கு எதுக்கு இந்தக் கும்பிடு?"

"தெரியலைங்க ஐயா." நெற்றியில் மண்ணோடு பெய்லான் நிமிர்ந்தாள். "அந்த ஆசனத்துல உட்கார்ந்தவங்களுக்கு இந்தக் கும்பிடுதானே?"

அர்சாய் எழுந்தார். நாற்காலியைப் பார்த்தார். அதன் பலகையில் ஈரம் படிந்து மினுங்கியது, நீரும் மஞ்சளுமாக. தூவின் நீல அங்கியின் பின்புறத்திலும் அதே ஈரம் ஊறியிருந்தது. அர்சாய் குனிந்து மோந்தார், பிறகு முகத்தைச் சுளித்தார்.

"நண்டு" என்றார்.

அரக்கு வீட்டு முற்றத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் சுவரோரம் நின்ற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் புரிந்தது. ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை. மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டார். தூ மட்டும் திரும்பித் திரும்பி எல்லாரையும் பார்த்தார். அவரைக் காப்பாற்ற அங்கே யாரும் இல்லை.

அர்சாய் மனதுக்குள் கணக்குப் போட்டார். அரியணைக்குக் காவல் அவர் பொறுப்பு. இந்த விஷயம் தலைநகர் வரை போனால் அவர் தலையும் நிற்காது.

"ஐப்பசி மாசம்" என்றார் கடைசியில். "ஈரக்காத்து. பலகை கொஞ்சம் பூத்துப்போச்சு. அப்படித்தானே பெரியவரே?"

"அப்படித்தான், அப்படித்தான்" என்றார் மாமனார்.

"அப்ப யாரும் உட்காரலை. பொண்ணே, அதைத் துடைச்சு எடுக்க முடியுமா?"

"முடியுங்க."

"எடு. விடிஞ்சதும் கிளம்பணும்." அவர் தூவின் பக்கம் திரும்பினார். "நீரும் என் படகுலயே வாரும். வழி நெடுக எதிரும் புதிருமா உட்கார்ந்து பேசிக்கிட்டே போகலாம்."

அந்த மனிதர் வழியில் என்ன ஆனார் என்பது சூசோவுக்குத் தெரியாது. திரும்பி வரவில்லை.

பெய்லான் பலகைக்கு மறுபடி மெருகேற்றினாள். மான்கொம்புச் சாம்பலைத் தொட்டு, எண்ணெயைத் தொட்டு, உள்ளங்கை சூடேறும்வரை வட்டமாகத் தேய்த்தாள். மங்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. பலகையில் விழாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

வெளியே வந்தபோது கூடத்தில் கோழி அடித்துச் சமைத்திருந்தார்கள். மாமனார் எழுந்து வந்து தன் கையாலேயே நாற்காலியை இழுத்துப்போட்டார். "வாம்மா, வீட்டைக் காப்பாத்தின மகராசி, முதல் துண்டு உனக்குத்தான்" என்றார். மைத்துனர்கள் சிரித்தார்கள். உயிர் பிழைத்தவர்களின் சிரிப்பு, கொஞ்சம் சத்தம் அதிகம். அவள் உட்காரவில்லை. பசியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டு நடைக்குப் போனாள்.

யுன்ஷெங் விளக்கை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

"அடேயப்பா, என்ன தைரியம் உனக்கு! அந்த ஆளு நாற்காலியிலேந்து துள்ளினானே, தவளை தோத்துடும்." அவள் சிரிக்கவில்லை. அவன் குரலைத் தாழ்த்தினான். "கோபமா?"

"கோபம் இல்லை."

"பயத்துல வாய் தவறி வந்துடுச்சு. அப்பா எப்படியும் உன் பேரைத்தான் சொல்லியிருப்பாரு. நான் என்ன பண்ணியிருக்க முடியும்?"

"ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க. எனக்கும் தெரியும்."

"பின்னே ஏன் இப்படிப் பார்க்கிறே?"

பெய்லான் அவனை நன்றாகப் பார்த்தாள். பதினோரு வருஷமாகப் பக்கத்தில் படுத்த முகம். மோவாயில் உளி தெறித்த தழும்பு. அந்த முகத்தை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அன்று முழுக்க அவள் அதிர்ந்ததிலேயே பெரிய அதிர்ச்சி அதுதான்.

"அந்த அதிகாரிக்கு நான் யாருன்னு தெரியாது. பேரு கிடைச்சா போதும்னு கேட்டான்" என்றாள். "உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒரு நொடிகூடத் தயங்காம சொன்னீங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கேட்க நிற்கவில்லை. அடுப்படிக்குப் போய், ஜின்மெய் விரித்துவைத்திருந்த பாயில் அவள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, கதவை உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடச் சொன்னாள்.